63,418இல் 505: கொச்சியின் கருத்தடை முகாமும் பெண்ணின் படுக்கை நாட்களும்

1971ஆம் ஆண்டு ஜூலை மாதம் முழுவதும் எர்ணாகுளம் நகர மண்டபம் ஓர் அறுவை அரங்காக இயங்கியது. மாவட்ட ஆட்சியர் எஸ்.கிருஷ்ணகுமாரின் முன்முயற்சியில் நடந்த அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் ஒரே மாதத்தில் 63,418 பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1970 நவம்பர், டிசம்பரில் நடந்த முதல் முகாமின் எண்ணிக்கை 15,005. இந்திய மக்கள்தொகைக் கொள்கையின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இந்த இரு எண்களையும் தவிர்த்துச் செல்வதில்லை. உலகெங்கும் இது ‘எர்ணாகுளம் மாதிரி’ என்று பேசப்பட்டது. குஜராத் அதனைப் பின்பற்றிப் பெருமுகாம்கள் நடத்தியது.

அந்தப் பெரிய எண்ணுக்குள் ஒரு சிறிய எண் ஒடுங்கிக் கிடக்கிறது. 63,418இல் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை 62,913. பெண்களுக்குச் செய்யப்பட்டவை 505. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. இன்றைய நிலையோ தலைகீழ். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமாகி இனப்பெருக்க வயதில் இருக்கும் பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் அறுவை செய்துகொண்ட இணையர் வெறும் 0.3 விழுக்காடு. கேரளத்தில் பெண்களின் விழுக்காடு நாட்டின் சராசரியைவிடவும் கூடுதல். எர்ணாகுளம் மண்டபத்தில் ஆண்கள் வரிசையாக நின்ற காட்சிக்கும் இந்தக் கணக்குக்கும் இடையில் அரை நூற்றாண்டுதான். அந்த இடைவெளியில் நடந்ததை அரசியலைக் கொண்டு மட்டும் விளக்கிவிட இயலாது. அறுவைக்குப் பின் ஒருவர் எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும், எங்கே படுத்திருக்க வேண்டும், அதுவரை வீட்டையும் வேலையையும் யார் பார்ப்பது என்ற மிக எளிய கேள்விகளின் வரலாறும் அதில் கலந்திருக்கிறது.

முதலில் 505ஐப் பார்ப்போம். பெண்கள் ஏன் வரவில்லை என்று கேட்பது பொருத்தமற்றது. அந்த முகாம் பெண்களுக்காக அமைக்கப்படவில்லை. ஆணுக்கான அறுவை, மரத்துப்போகும் ஊசி ஒன்றைப் போட்டு, தோலில் சிறு கீறலிட்டுச் சில நிமிடங்களில் முடிவது. முடிந்ததும் அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். ஒரு மண்டபத்தைத் தட்டிகளால் தடுத்துப் பல மேசைகள் போட்டால் போதும், படுக்கை தேவையில்லை. அன்றைய பெண் கருத்தடையோ வயிற்றைத் திறந்து செய்வது. மயக்கமருந்து வேண்டும், செவிலியர் வேண்டும், தையல் பிரிக்கும் வரை ஏறக்குறைய ஒரு வாரம் படுக்கை வேண்டும். ஆயிரம் பெண்களுக்கு அறுவை செய்ய ஏழாயிரம் படுக்கை நாட்கள். எந்த நகர மண்டபமும் அதைத் தராது. முகாமின் பாலினத்தைத் தீர்மானித்தவற்றுள் கொள்கைக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு கட்டிலுக்கும் உண்டு.

முகாம் நடந்தது காயலுக்கு அக்கரையில். இக்கரையில் மட்டாஞ்சேரி. கொச்சி அரசர்களின் பழைய அரண்மனை, யூதத் தெரு, கொங்கணியரின் செர்லாய், குஜராத்தி வணிகர், கச்சி மேமன்கள், தமிழ் வண்ணார் என்று பல மொழி பேசுவோர் நெருங்கி வாழும் இடம். 1967இல்தான் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆகிய மூன்று நகராட்சிகளும் இணைந்து கொச்சி மாநகராட்சி ஆயின. மட்டாஞ்சேரியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனத் தனி அரசு மருத்துவமனை உண்டு. முகாமின் பெருங்கதையில் இத்தகைய மருத்துவமனைகள் இடம்பெறுவதில்லை. ஆனால் பெண் கருத்தடையின் உண்மையான வரலாறு மண்டபங்களில் நிகழவில்லை. பிரசவ வார்டுகளில்தான் நிகழ்ந்தது.

காரணம் 1969இல் தொடங்கிய அகில இந்தியப் பிரசவப் பின்திட்டம். பிள்ளை பெற மருத்துவமனைக்கு வரும் பெண்ணிடம், பிரசவமான ஓரிரு நாட்களில், அவள் இன்னும் கட்டிலில் இருக்கும்போதே கருத்தடை அறுவையைப் பரிந்துரைப்பது அத்திட்டத்தின் சாரம். மருத்துவ நோக்கில் அதில் நியாயம் இருந்தது. பிரசவத்தை அடுத்து கருப்பை தொப்புள் உயரத்தில் நிற்பதால் கருக்குழாய்களை மிகச் சிறிய கீறல் வழியே எட்டிவிடலாம். நிர்வாக நோக்கில் இன்னும் பெரிய நியாயம்: அவள் ஏற்கெனவே படுக்கையில் இருக்கிறாள். மருத்துவமனைப் பிரசவம் மற்ற மாநிலங்களைவிட முன்னரே பரவிய கேரளத்தில் இது ஆழமாக வேரூன்றியது. அங்குள்ள பேச்சுவழக்கே இதற்குச் சான்று. மலையாளத்தில் பெண்கள் இந்த அறுவையைப் ‘பிரசவம் நிறுத்துதல்’ என்கிறார்கள். தமிழில் ‘குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்’ என்று திட்டத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மலையாளச் சொல்லில் அரசு இல்லை, கத்தியும் இல்லை. பிரசவத்தின் இறுதிப் படியாகவே அது உணரப்பட்டது.

இதனால் விளைந்த ஒன்று ஆராய்ச்சிக்குரியது. பிரசவத்துக்குப் பின்னான ஓய்வு கேரளத்திலும் தமிழகத்திலும் சமூகம் ஒப்புக்கொண்ட ஓய்வு. தமிழில் அவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்போம். மலையாளத்தில் ‘பிரசவ ரட்சை’. தாய் வீடு, எண்ணெய் தேய்ப்பு, இலைகள் கொதித்த வேதுநீர்க் குளியல், வயிற்றைச் சுற்றித் துணி கட்டுதல், லேகியம், பத்தியம். நாற்பது நாளோ தொண்ணூறு நாளோ, ஒரு பெண் குனிந்து குடம் தூக்காமல் இருப்பதற்கு ஊரே தரும் அனுமதி அது. பிரசவத்தோடு சேர்த்துச் செய்யப்பட்ட அறுவை இந்த அனுமதிக்குள் நுழைந்து பாதுகாப்புப் பெற்றது. தையல் போட்ட வயிறு, பிள்ளை பெற்ற வயிறு என்ற பெயரில் ஓய்ந்தது. (இந்தக் கவனிப்பு முறைகள் கொச்சிக்கு எவ்வளவு பழையவை என்பதற்கு ஒரு பக்கச் சான்று உண்டு. டச்சு ஆளுநர் வான் ரீட் கொச்சியில் இருந்து தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும் ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர்களும் பெயரோடு நிற்கிறார்கள். நால்வரும் ஆண்கள். பேற்றறையின் மருந்தைக் கையால் அரைத்த மருத்துவச்சிகளுக்கு அங்கே கையொப்பம் இல்லை.)

ஆனால் பிரசவத்தோடு சேராத அறுவைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கருப்பை நீக்கம், சினைப்பைக் கட்டி அகற்றல், கருப்பை இறக்கத்துக்கான அறுவை ஆகியவற்றுக்குப் பின் வீடு திரும்பும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குத் தாய்வீடு பெரும்பாலும் இல்லை. தாயே அவள் கவனிப்பில் இருப்பாள். லேகியம் கிண்டித் தர எவருமில்லை. சீர் கொண்டு வருவோர் இல்லை, பார்க்க வருவோர் தூக்கிக் கொஞ்சக் குழந்தையும் இல்லை. நம் வழக்கம் ஓய்வைப் பெண்ணுக்குக் கொடுத்ததா, பிள்ளைக்குக் கொடுத்ததா என்ற ஐயம் இங்கே எழாமல் இராது. அறுவையின் அளவு பெரிது. அதற்கான ஓய்வோ சடங்கின் துணையின்றி நிற்கிறது.

ஓய்வு என்பதை மருத்துவமும் ஒருபோதும் ஒரே சீராக நினைத்ததில்லை. நவீன வயிற்று அறுவையின் தொடக்கமே ஒரு பெண்ணுடல்தான். 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கியில் எஃப்ரைம் மெக்டவல், ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள சினைப்பைக் கட்டியை அகற்றினார். மயக்கமருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். ஐந்தாம் நாள் மருத்துவர் வந்து பார்த்தபோது அவர் எழுந்து தம் படுக்கையைத் தாமே சீர்செய்துகொண்டிருந்தார். இருபத்தைந்தாம் நாள் குதிரையேறி ஊர் திரும்பி, மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அதன்பின் வந்த மருத்துவம் அந்தப் பெண்ணிடம் பாடம் கற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வயிற்று அறுவைக்குப் பின் இரண்டு, மூன்று வாரம் அசையாமல் மல்லாந்து கிடப்பதே விதி. 1899இல் சிகாகோவின் எமில் ரீஸ் சில நாட்களிலேயே நோயாளிகளை எழுப்பி நடக்க வைத்து அதன் நன்மையை எழுதினார், கேட்டவர் குறைவு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படுக்கைக்கும் செவிலியருக்கும் தட்டுப்பாடு வந்த பிறகுதான் ‘சீக்கிரம் எழுந்து நடத்தல்’ பொது விதியாயிற்று. நீண்ட கிடப்பு கால் நாளங்களில் இரத்தத்தை உறையச் செய்கிறது, நுரையீரலில் சளியைத் தேக்குகிறது, குடலை மந்தமாக்குகிறது என்பது அப்போது ஐயமற நிறுவப்பட்டது. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் வகுத்த விரைவு மீட்சி முறை இதன் தொடர்ச்சி. இன்று கொச்சியின் மருத்துவமனைகளிலும் சிசேரியன் ஆன பெண்ணை மறுநாளோ அதற்கு முன்போ எழுந்து நடக்கச் சொல்வது இந்த நீண்ட வழக்கின் முடிவால்தான்.

மாமியார்களும் அம்மாக்களும் இதைக் கண்டு அஞ்சுவதில் வியப்பில்லை. அவர்கள் அறிந்த ஓய்வும் மருத்துவம் சொல்லும் நடையும் எதிரெதிராகத் தோன்றுகின்றன. உண்மையில் முரண் அங்கே இல்லை. படுக்கையிலிருந்து எழுதல் வேறு, வேலைக்குத் திரும்புதல் வேறு. தோல் ஒரு வாரத்தில் ஒட்டிவிடுகிறது; வயிற்றுச் சுவரின் உறுதியான நார்ப்படலம் தன் பழைய வலுவில் ஏறக்குறையப் பாதியை எட்டவே ஆறு வாரம் செல்கிறது. நடக்கலாம், ஆனால் நீர் நிறைந்த குடத்தைத் தூக்கக் கூடாது என்பதன் பொருள் இதுதான். மருத்துவம் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தது. மக்கள்தொகைத் திட்டம்தான் இரண்டையும் ஒன்றாக்கியது.

அது நிகழ்ந்த விதம் இப்படி. எர்ணாகுளம் மாதிரியின் புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. அதைப் பின்பற்றிய பிற மாநில முகாம்களில் தொற்றும் மரணங்களும் நேர்ந்தன. பின்னர் நெருக்கடி நிலை. 1976–77இல் மட்டும் நாடு முழுவதும் ஏறத்தாழ 82 லட்சம் கருத்தடை அறுவைகள். அவற்றுள் 62 லட்சம் ஆண்களுக்கு, பெருமளவு கட்டாயத்தின் பேரில். 1977 தேர்தலில் மக்கள் அளித்த விடை அனைவரும் அறிந்தது. அடுத்த ஆண்டில் மொத்த எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே சரிந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு பெண்கள். ஆணின் உடலைத் தொடுவது ஆட்சிக்கு ஆபத்து என்று அரசியல் கற்றுக்கொண்டது. பெண்ணின் உடல் வாக்குச்சாவடியில் அத்தகைய பழிவாங்கலைச் செய்யவில்லை.

அதே வேளையில் தொழில்நுட்பம் கட்டில் பிரச்சினையைத் தீர்த்துவைத்தது. 1980களில் லேப்ராஸ்கோப் கருவி பரவியது. வயிற்றில் காற்றை நிரப்பி, விரலகலத் துளை வழியே குழாயில் வளையம் மாட்டும் முறை அது. சில நிமிடங்கள் போதும். அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். 1971இல் ஆணைத் தேர்ந்தெடுத்த அதே தர்க்கம், படுக்கை வேண்டாம் என்ற தர்க்கம், இப்போது பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. மண்டபத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பெண்கள் வரத் தொடங்கினர். பிரசவ வார்டின் ஓய்வுக்குள் ஒளிந்திருந்த கேரளத்துப் பெண்ணுக்கு இருந்த குறைந்தபட்சக் காப்பு, வடமாநில முகாம்களின் தரையில் வரிசையாகக் கிடத்தப்பட்ட பெண்ணுக்கு இல்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டதும், அதையும் அதையொட்டி நடந்த முகாம்களையும் சேர்த்து 13 பெண்கள் இறந்ததும் அந்தத் தர்க்கத்தின் கடைக்கோடி. தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுகளுக்குள் முகாம் முறையையே கைவிடுமாறு அரசுகளைப் பணித்தது.

உயிர்தப்பியோரின் அன்றாட உபாதைகள் நீதிமன்றம்வரை போவதில்லை. அவற்றுக்குத் தனி வரலாறு உண்டு. லேப்ராஸ்கோப்புக்குப் பின் தோள்பட்டை வலிக்கிறது என்று பெண்கள் சொன்னபோது, வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன தொடர்பு என்று அது அலட்சியப்படுத்தப்படுவது எளிது. தொடர்பு உண்டு: எஞ்சிய காற்று உதரவிதானத்தை உறுத்துகிறது, அதன் நரம்பு தோளில் வலியாகப் பேசுகிறது, ஓரிரு நாளில் அடங்கும். முதுகெலும்பில் போடும் மயக்க ஊசிக்குப் பின்வரும் தலைவலிக்கும் இத்தகைய கதை இருக்கிறது. 1898இல் அந்த முறையைத் தம் மீதே சோதித்த ஜெர்மானிய அறுவையர் ஆகுஸ்ட் பீர், நிமிர்ந்தால் தலை பிளக்கும் வலியோடு ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். கண்டுபிடித்தவரே அனுபவித்ததால் அது ஏட்டில் ஏறியது. ‘முதுகில் போட்ட ஊசியால்தான் இடுப்பு வலி’ என்று கேரளத்திலும் தமிழகத்திலும் சிசேரியன் ஆன பெண்கள் ஆண்டுக்கணக்கில் சொல்வதை ஆய்வுகள் ஏற்கவில்லை. ஊசி போடாமல் பிள்ளை பெற்றோருக்கும் அவ்வலி ஏறக்குறைய அதே அளவில் வருகிறது. ஊசியை விடுவித்துவிடலாம். வலியைப் பொய்யென்று சொல்ல இதில் இடமில்லை. தளர்ந்த வயிற்றுத் தசையும், பாலூட்டக் குனிந்த முதுகும், ஓய்வற்ற வேலையும் போதுமான காரணங்கள். ஐந்தாவது கணக்கெடுப்பில் கேரளத்துப் பிரசவங்களில் 38.9 விழுக்காடு சிசேரியன், தமிழகத்தில் 44.9. இவ்வலி இனி ஒரு சிலரின் முறையீடு அல்ல.

கருத்தடைக்குப் பின் மாதவிலக்கு மிகுந்துவிட்டது என்ற புகாரும் 1950களிலிருந்து மருத்துவ ஏடுகளில் விவாதிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு 2000ஆம் ஆண்டில், அவ்வறுவை உதிரப்போக்கைக் கூட்டுவதில்லை என்று முடிவுரைத்தது. அந்த முடிவு வலுவானது. எனினும் இருபத்தைந்து வயதில் அறுவை செய்துகொண்டு, முப்பத்தைந்தில் உதிரப்போக்கு என்று வரும் பெண்ணுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் காத்திருப்பது அடுத்த அறுவைதான்: ‘பிள்ளை போதும் என்றாகிவிட்டதே, கருப்பையை எடுத்துவிடலாம்.’ அப்போது சினைப்பைகளும் சேர்த்து அகற்றப்பட்டால் ஒரே இரவில் மாதவிடாய் முடிவு வந்துசேர்கிறது. உடல் தகிப்பு, உறக்கமின்மை, யோனி வறட்சி, நாளடைவில் எலும்புத் தேய்வு. இயற்கையாக வரும்போது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மாற்றம் அது. ‘எடுத்தது கர்ப்பப்பை மட்டுமா, சினைப்பையுமா’ என்ற கேள்விக்கு விடை தெரியாத பெண்கள் எத்தனையோ பேர். பின்விளைவைச் சமாளிப்பதற்கான முதல் படியே அந்த விடைதான். சினைப்பைகள் இருந்தால் சிகிச்சை ஒன்று, இல்லாவிட்டால் வேறொன்று.

கனமானதைத் தூக்கக் கூடாது என்ற ஆறு வார அறிவுரை மட்டாஞ்சேரியில் எப்படி ஒலிக்கும்? பஜார் தெருவின் கிடங்குகளில் இஞ்சியும் மிளகும் புடைத்துத் தரம் பிரிப்பவர்கள் பெண்கள். 1950களுக்குப் பின் உறைய வைத்த இறால் ஏற்றுமதி வளர்ந்தபோது, கொச்சியைச் சுற்றிய கொட்டகைகளில் பனிக்கட்டிக்கு நடுவே மணிக்கணக்கில் இறால் தோலுரித்தவர்களும் பெண்களே. ஃபோர்ட் கொச்சி வேலியிலுள்ள தோபிக்கானாவில் தலைமுறைகளாகத் துவைத்துவரும் தமிழ் வண்ணார் குடும்பங்களுக்கு நனைந்த துணியின் கனம் நன்கு தெரியும். கூலி கிலோக் கணக்கிலும் உருப்படிக் கணக்கிலும் வரும் தொழில்களில் ஆறு வாரம் என்பது மருத்துவக் காலமாக இருப்பதில்லை, கடனின் அளவாகிவிடுகிறது.

அரசும் இதை அறியாமல் இல்லை. கருத்தடை செய்துகொள்வோருக்குத் தரும் பணத்துக்கு ஊக்கத்தொகை என்று பெயரிடாமல், ‘கூலி இழப்புக்கான ஈடு’ என்றே நெடுங்காலமாக அது எழுதிவந்தது. எர்ணாகுளம் முகாமில் ரொக்கத்தோடு துணியும் தானியமும் கொடுத்ததற்கும் சொல்லப்பட்ட நியாயம் அதுவே. அப்படியானால் ஈடு, இழந்த நாட்களுக்கு ஏற்ப இருக்க வேண்டும். 2007இல் மத்திய அரசு திருத்திய விகிதத்தில், அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொள்ளும் ஆணுக்கு 1,100 ரூபாய்; பெண்ணுக்கு 600 ரூபாய். சில நிமிட அறுவைக்குக் கூடுதல், வயிற்றைத் துளைக்கும் அறுவைக்குக் குறைவு. ஆண்களை மீண்டும் வரவழைப்பதற்கே இந்த வேறுபாடு என்பது வெளிப்படை. பெயர்தான் பொருந்தவில்லை: ஊக்கத்தை ஈடு என்று எழுதியதால், பெண்ணின் படுக்கை நாட்களின் விலை ஆணின் நாட்களில் ஏறத்தாழப் பாதி என்று அரசாணையே பதிவு செய்துவிட்டது.

மீளாத பின்விளைவு ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எர்ணாகுளம் மாவட்டத்தின் எடவனக்காட்டையும் தாக்கியது. நாகப்பட்டினம் கரையிலோ நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. பிள்ளைகளை இழந்த தாய்மார்களில் பலர் கருத்தடை செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை இலவசமாகச் செய்ய தமிழக அரசு முன்வந்தது. அந்த அறுவை பலிப்பது தாயின் வயதையும், எஞ்சிய குழாயின் நீளத்தையும் பொறுத்தது. வளையமோ கிளிப்போ மாட்டப்பட்டவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். குழாயின் பெரும்பகுதி வெட்டப்பட்டோ கருக்கப்பட்டோ இருந்தால் மிகக் குறைவு. பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு வார்டிலோ முகாமிலோ, பெயர் தெரியாத ஒரு மருத்துவர் எத்தனை சென்டிமீட்டரை விட்டுவைத்தார் என்பதை அப்போதுதான், வயிற்றை மறுபடி திறந்துதான், பார்க்க வேண்டியிருந்தது.